யூஸ் ஃப்ளாக் பெயர்களுக்கு ஒழுங்கு: ஜென்டூ ஓவர்லே வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஜென்டூ லினக்ஸில் மேக்.கான்ஃப் கோப்பைத் திறந்து, யூஸ் வரியில் 'அவாஹி' என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். ஜென்டூவின் பேக்கேஜ் மேனேஜரான போர்ட்டேஜ் எதுவும் சொல்லாது. பிழையும் வராது, எச்சரிக்கையும் வராது. வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டர் இனித் தானாகத் தெரியும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அச்சிடும் வேலையைப் பார்க்கும் கப்ஸ் அந்தச் சொல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜென்டூவில் அந்த வசதிக்கு வைத்த பெயர் 'ஜீரோகான்ஃப்'. அவாஹி என்பது அந்த வேலையைச் செய்யும் மென்பொருளின் பெயர்.

பெயரிடல் ஒழுங்கைப் பற்றி யார் கேட்டாலும் நான் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். மென்பொருளில் மற்ற தவறுகள் எங்காவது வெடித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஃப்ளாக் பெயரில் நடக்கும் தவறு சத்தமே போடாது. பெயர் வைத்தவருக்கு எல்லாம் சரியாக ஓடும். யாரோ ஒரு பயனர் மட்டும் ஆறு மாதம் கழித்து 'இந்த வசதி ஏன் வரவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். ஆகவே ஈபில்ட் (ஒரு பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் நிரல்) எழுதுபவரின் வாசலிலேயே இதைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

இந்த வழிகாட்டி சொந்தமாக ஓவர்லே (ஜென்டூவின் மூல ரெப்போவோடு கூடுதலாகச் சேர்க்கும் ஈபில்ட் ரெப்போ) வைத்திருப்பவர்களுக்கானது. அலுவலகத்தின் உள்ளே நாலைந்து பேர் சேர்ந்து பராமரிக்கும் ரெப்போவாக இருந்தாலும் சரி, தனி ஆளாக வைத்திருந்தாலும் சரி. கோப்பு, கட்டளை, ஃப்ளாக் பெயர்களை எல்லாம் படிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான எழுத்தில் அடியுங்கள்.

முதலில், யார் எதை எங்கே சொல்கிறார்கள்?

ஒரு பேக்கேஜைக் கம்பைல் செய்யும்போது எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சுதான் யூஸ் ஃப்ளாக். ஒவ்வொரு ஈபில்டும் தனக்குத் தெரிந்த ஃப்ளாக்குகளை ஐயூஸ் என்ற மாறியில் அறிவிக்கும். பயனர் தன் விருப்பத்தை மேக்.கான்ஃபில் மொத்தமாகவோ, பேக்கேஜ்.யூஸில் தனித்தனியாகவோ எழுதுவார்.

பெயர்களுக்கு இரண்டு பதிவேடுகள் உண்டு. எல்லாப் பேக்கேஜுக்கும் பொதுவான ஃப்ளாக்குகள் புரொஃபைல்ஸ் அடைவில் உள்ள யூஸ்.டெஸ்க் கோப்பில் இருக்கும். ஒரு வரிக்கு ஒரு பெயர், ஒரு கோடு, ஒரு விளக்கம். ஒரு பேக்கேஜுக்கு மட்டுமே உரிய ஃப்ளாக்குகளின் விளக்கம் அந்தப் பேக்கேஜின் மெட்டாடேட்டா.எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். யூஸ்.லோக்கல்.டெஸ்க் என்று இன்னொரு கோப்பையும் பார்ப்பீர்கள். அதில் கை வைக்காதீர்கள். எக்ஸ்எம்எல் கோப்புகளிலிருந்து அது தானாக உருவாகிறது.

மூன்றாவதாக யூஸ்_எக்ஸ்பேண்ட் என்று ஒரு குடும்பம் இருக்கிறது. வீடியோ_கார்ட்ஸ், பைத்தான்_டார்கெட்ஸ், எல்10என் போன்ற மாறிகளில் எழுதும் மதிப்புகள், மாறியின் பெயரைச் சிறிய எழுத்தில் முன்னால் ஒட்டிக்கொண்டு, நடுவே ஓர் அடிக்கோடுடன் ஃப்ளாக்காக மாறும். எல்10என் மாறியில் தமிழுக்கான 'டிஏ' என்று எழுதினால், உள்ளே அது 'எல்10என்_டிஏ' ஆகிவிடும். இந்தக் குடும்பங்களின் மதிப்புகளுக்கு விளக்கம் புரொஃபைல்ஸ் அடைவின் உள்ளே டெஸ்க் என்ற துணை அடைவில் இருக்கிறது.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: இந்த ஃப்ளாக் தேவையா என்று கேளுங்கள்

பெயரிடல் சிக்கல்களில் கணிசமானவை இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடுகின்றன. சிஸ்டம்டி யூனிட் கோப்பு, பாஷ் கம்ப்ளீஷன் கோப்பு, லாக்ரொட்டேட் அமைப்பு போன்றவற்றுக்குத் தனி ஃப்ளாக் வைப்பது ஜென்டூவில் தவிர்க்கப்படுகிறது. சில கிலோபைட் கோப்பு, புதிய சார்பு (உடன் நிறுவ வேண்டிய வேறு பேக்கேஜ்) எதுவும் இல்லை என்றால், அதை எப்போதும் நிறுவிவிடுங்கள். ஒரு கோப்பு கூடுதலாக வேண்டும் என்பதற்காகப் பயனர் ஒருவர் முழுப் பேக்கேஜையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

அப்ஸ்ட்ரீமின் (மூல மென்பொருளை எழுதுபவர்களின்) கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் முப்பது சுவிட்சுகள் இருக்கின்றன என்பதற்காக ஐயூஸிலும் முப்பது பெயர்கள் வேண்டியதில்லை. சார்பு மாறுகிறதா, பாதுகாப்பு மாறுகிறதா, பயனர் கண்ணுக்குத் தெரியும்படி நடத்தை மாறுகிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் ஒரு நல்ல மதிப்பைத் தேர்ந்து அப்படியே நிலைநிறுத்திவிடுங்கள்.

படி 2: புதிதாகப் பெயர் சூட்டும் முன் பழைய பெயரைத் தேடுங்கள்

தேடுவதற்குக் கருவிகள் உண்டு. ஜென்டூல்கிட்டில் உள்ள ஈயூஸ் கட்டளைக்கு 'ஐ' என்ற தெரிவைக் கொடுத்து ஒரு பெயரைச் சொன்னால், அது பொதுவானதா, எந்தெந்தப் பேக்கேஜில் தனியாக இருக்கிறது என்று காட்டும். ஈக்வெரியின் ஹேஸ்யூஸ் துணைக்கட்டளை அந்தப் பெயரைக் கொண்ட பேக்கேஜ்களைப் பட்டியலிடும். போர்ட்டேஜ்-யூட்டில்ஸில் உள்ள க்யூயூஸும் இதே வேலையை வேகமாகச் செய்யும்.

ஆனால் பெயரைத் தெரிந்திருந்தால்தானே பெயரைத் தேட முடியும்? அவாஹி சிக்கல் இங்கேதான் திரும்பி வருகிறது. அதனால் நான் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு விளக்கத்தைத் தேடுவேன். யூஸ்.டெஸ்க் கோப்பில் நேரடியாக ஒரு க்ரெப். லைப்ரரியின் பெயர், அது கையாளும் கோப்பு வடிவம், நெறிமுறையின் பெயர் என்று மூன்று சொற்களையாவது போட்டுப் பாருங்கள். ஃப்ரீடைப் என்று தேடிக்கொண்டிருப்பவருக்கு 'ட்ரூடைப்' கிடைக்கும். கெட்டெக்ஸ்ட் மொழிபெயர்ப்புக்கு 'என்எல்எஸ்'. ஓப்பன்ஜேபெக்குக்கு 'ஜேபெக்2கே'. லிப்கேப்புக்கு 'கேப்ஸ்'.

இவற்றை வரிசையாகப் பார்க்கும்போதே ஜென்டூவின் எழுதாத வழக்கம் புரிந்துவிடும். முடிந்தவரை வசதியின் பெயர்தான் ஃப்ளாக். லைப்ரரியின் பெயர் அல்ல. லைப்ரரி நாளை மாறலாம், வசதி மாறாது. பயனருக்கு வேண்டியதும் வசதிதான்.

இதற்கு ஒரு நியாயமான விலக்கு உண்டு. ஒரே வசதியை இரண்டு லைப்ரரிகள் தர முடிந்து, எது வேண்டும் என்று பயனர் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் லைப்ரரியின் பெயர் வருவது சரி. 'எஸ்எஸ்எல்' என்பது மறையாக்க இணைப்பு வேண்டுமா என்ற கேள்வி. 'க்னூடிஎல்எஸ்' என்பது வேண்டுமென்றால் யார் மூலம் என்ற கேள்வி. இரண்டாவது ஃப்ளாக்கின் விளக்கத்திலேயே முதலாவது அணைந்திருந்தால் இதற்குப் பலன் இல்லை என்று எழுதியிருப்பார்கள். கேள்விகளை இப்படிப் பிரித்து வைப்பது அழகு. எல்லோரும் ஒழுங்காகப் பின்பற்றுகிறார்களா என்றால், இல்லை.

படி 3: எழுத்து விதிகள்

பேக்கேஜ் மேனேஜர் ஸ்பெசிஃபிகேஷன், சுருக்கமாக பிஎம்எஸ், இதில் கறாராக இருக்கிறது. பெயரில் பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகள், எண்கள், கூட்டல் குறி, அடிக்கோடு, 'அட்' குறி, சிறுகோடு ஆகியவை மட்டுமே வரலாம். முதல் இடத்தில் எழுத்தோ எண்ணோதான் இருக்க வேண்டும். அடிக்கோடு யூஸ்_எக்ஸ்பேண்டுக்கென ஒதுக்கப்பட்டது. 'அட்' குறி முன்பு லிங்குவாஸ் மாறியில் மொழி வகைகளைக் குறிக்கத் தேவைப்பட்டதால் பட்டியலில் இருக்கிறது; உங்களுக்கு அது வேண்டியிருக்காது.

பெரிய எழுத்து அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் வழக்கத்தில் இல்லை. எக்ஸ்11-க்கான ஒற்றைப் பெரிய எழுத்து 'எக்ஸ்' ஃப்ளாக் பழைய காலத்துச் சொத்து. அதைக் காட்டி நாமும் பெரிய எழுத்தில் பெயர் வைக்கலாம் என்று வாதிடுபவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்துங்கள்.

அடிக்கோடு விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டுமா, சிறுகோடு போடுங்கள். 'ஸ்டாட்டிக்-லிப்ஸ்', 'கஸ்டம்-சிஃப்ளாக்ஸ்' எல்லாம் அப்படித்தான். அடிக்கோடு போட்டு ஒரு தனி ஃப்ளாக் வைத்தால், அதன் முன்பாதி ஏதோ ஒரு யூஸ்_எக்ஸ்பேண்ட் மாறியின் பெயரோடு ஒத்துப்போகும் நாளில், உங்கள் ஃப்ளாக் உங்களுக்குச் சொந்தமில்லாத குடும்பத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

அப்ஸ்ட்ரீம் தன்னோடு சேர்த்துக் கட்டித் தரும் லைப்ரரியை விட்டுவிட்டு, கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பயன்படுத்தும் தெரிவுக்கு 'சிஸ்டம்-' என்ற முன்னொட்டு நிலைத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் சிஸ்டம்-ஐசியு, சிஸ்டம்-லிப்விபிஎக்ஸ், சிஸ்டம்-வெப்பி என்று வரிசையாகப் பார்க்கலாம். உங்கள் பேக்கேஜிலும் அந்தச் சூழல் வந்தால் இதே முன்னொட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'யூஸ்-சிஸ்டம்', 'எக்ஸ்டர்னல்', 'அன்பண்டில்' என்று புதுப்புதுச் சொற்களைக் கொண்டுவராதீர்கள்.

படி 4: 'நோ' வேண்டாம்

இந்த விதியைப் பலர் நடை சார்ந்த விருப்பம் என்று நினைக்கிறார்கள். 'நோஎஸ்எஸ்எல்' என்று வைத்தால் படிக்கக் கொஞ்சம் குழப்பம், அவ்வளவுதானே? இல்லை, அதனால் இயந்திரமே உடையும்.

ஒரு செயலி வகையில் ஏதோ ஒரு லைப்ரரி இன்னும் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வகையைப் பராமரிப்பவர் புரொஃபைலில் (அந்த வகைக்கான இயல்பு அமைப்புத் தொகுப்பில்) உள்ள யூஸ்.மாஸ்க் கோப்பில் அந்த லைப்ரரிக்கான ஃப்ளாக்கை எழுதிவிடுவார். எழுதியதும் அது எல்லாப் பேக்கேஜிலும் கட்டாயமாக அணைந்துவிடும். அணைந்ததும் சார்பும் போய்விடும். ஒரே வரியில் வேலை முடிந்தது.

உங்கள் பேக்கேஜ் மட்டும் அதே வசதிக்கு 'நோ' சேர்த்த பெயரை வைத்திருந்தால்? அவர் எழுதிய வரி உங்களைத் தொடவே தொடாது. உங்களுடைய பெயரையும் சேர்த்து யூஸ்.மாஸ்கில் எழுதினாலோ, நிலைமை தலைகீழாகிவிடும். 'நோ' ஃப்ளாக் அணைந்தால் வசதி இயங்குகிறது என்று பொருள். அதாவது இல்லாத லைப்ரரியை உங்கள் பேக்கேஜ் கட்டாயமாகக் கேட்கும். ஃப்ளாக்கைக் கட்டாயமாக இயக்கும் யூஸ்.ஃபோர்ஸில் எழுதிச் சரிசெய்ய முடியும். ஆனால் அந்த ஒரு பேக்கேஜ் மட்டும் எதிர்த்திசையில் ஓடுகிறது என்பதை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். இருக்க மாட்டார்.

'அப்ஸ்ட்ரீமில் இந்த வசதி இயல்பாக இயங்குகிறது, அதனால்தான் நோ வைத்தேன்' என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். ஈஏபிஐ 1 (ஈஏபிஐ என்பது ஈபில்ட் வடிவத்தின் பதிப்பு எண்) வந்ததிலிருந்து இந்தச் சாக்குக்கு இடமில்லை. ஐயூஸில் பெயருக்கு முன் ஒரு கூட்டல் குறி போட்டால் அது இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும்.

இங்கே டெபியனையும் ஒரு பார்வை பார்க்கலாம். அங்கே பில்ட் புரொஃபைல்களின் பெயர்கள் நோடாக், நோசெக் என்று 'நோ'வோடுதான் இருக்கின்றன. தவறா? இல்லை. டெபியனில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவதுதான் இயல்பு. பில்ட் புரொஃபைல் என்பது அதிலிருந்து விலக்கு. பயனர் தினமும் தொடும் சுவிட்சு அல்ல அது. அங்கே தனிப் பேக்கேஜுக்கான புரொஃபைலுக்கு 'பிகேஜி' என்று தொடங்கி, புள்ளி வைத்து, மூலப் பேக்கேஜின் பெயரையும் சேர்த்து எழுதுகிறார்கள். பொதுப் பெயரோடு மோத வாய்ப்பே இல்லை. ஜென்டூவில் பெயரில் புள்ளிக்கு இடமில்லாததால் அந்த வசதி நமக்குக் கிடைக்காது; அதே காரணத்தால் பைத்தான் 3.12-கூட அடிக்கோடு போட்டுத்தான் வருகிறது.

படி 5: விளக்கத்தைப் பெயரைப் போலவே கவனியுங்கள்

மெட்டாடேட்டா.எக்ஸ்எம்எல்லில் யூஸ் பகுதிக்குள் ஒவ்வொரு ஃப்ளாக்குக்கும் ஒரு வரி எழுத வேண்டும். 'லுவா ஆதரவை இயக்கும்' என்று 'லுவா' ஃப்ளாக்குக்கு விளக்கம் எழுதுபவர், நாய்க்கு 'நாய் என்பது நாய்' என்று பொருள் எழுதும் அகராதிக்காரர். லுவாவில் என்ன எழுத முடியும்? அமைப்புக் கோப்பையா, பிளகின்னையா? அதைச் சொல்லுங்கள். சார்பாக வரும் பேக்கேஜின் முழுப் பெயரையும் அதற்குரிய பிகேஜி குறியீட்டுக்குள் வைத்துச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. முன்பு சொன்னேனே, விளக்கத்தை க்ரெப் செய்து தேடுவது, அதற்கு உயிர் கொடுப்பது இதுதான்.

பொதுவான ஃப்ளாக்கையே உங்கள் பேக்கேஜ் பயன்படுத்தினாலும், அங்கே அது குறிப்பாக என்ன செய்கிறது என்று எக்ஸ்எம்எல்லில் தனியாக எழுதலாம். பொது விளக்கத்தைச் சொல்லுக்குச் சொல் நகல் எடுத்து ஒட்டுவது மட்டும் வேண்டாம். ஈபில்ட் ரெப்போக்களைச் சோதிக்கும் கருவியான பிகேஜிசெக் அதைப் பிழையாகவே சொல்லும்.

படி 6: பிகேஜிசெக்கை வாசலில் நிறுத்துங்கள்

இதுவரை சொன்னவை மனிதர்கள் நினைவில் வைக்க வேண்டியவை. மனிதர்கள் மறப்பார்கள். இனி இயந்திரத்திடம் ஒப்படைப்போம்.

ஓவர்லேயின் மெட்டாடேட்டா அடைவில் லேஅவுட்.கான்ஃப் கோப்பைத் திறந்து, மாஸ்டர்ஸ் என்ற வரியில் ஜென்டூ இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் மூல ரெப்போவின் யூஸ்.டெஸ்க் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் ஓவர்லேக்கு மட்டும் பொதுவான பெயர்கள் தேவைப்பட்டால், உங்கள் புரொஃபைல்ஸ் அடைவிலேயே சொந்தமாக ஒரு யூஸ்.டெஸ்க் வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஓவர்லேயின் வேர் அடைவில் நின்றுகொண்டு 'பிகேஜிசெக் ஸ்கேன்' ஓட்டுங்கள். பெயரிடல் சம்பந்தமாக அது சொல்லும் முக்கியமான குறைகள் இவை. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பெயரை ஐயூஸில் வைத்தால் 'அன்நோன்யூஸ்ஃப்ளாக்ஸ்' வரும். அடிக்கோடு இருந்தால் 'அண்டர்ஸ்கோர்இன்யூஸ்ஃப்ளாக்'. யூஸ்_எக்ஸ்பேண்ட் குடும்பம் ஒன்றைப் போலத் தோன்றினால் 'ப்ராபபிள்யூஸ்எக்ஸ்பேண்ட்'. எக்ஸ்எம்எல்லில் விளக்கம் இருந்தும் எந்த ஈபில்டும் அந்தப் பெயரைப் பயன்படுத்தவில்லை என்றால் 'அன்யூஸ்ட்லோக்கல்யூஸ்'. பொது விளக்கத்தின் நகலாக இருந்தால் 'மேட்சிங்குளோபல்யூஸ்', நகலுக்கு மிக அருகில் இருந்தால் 'ப்ராபபிள்குளோபல்யூஸ்'.

இன்னும் இரண்டு குறிப்புகள் மொத்த ரெப்போவையும் பார்த்துச் சொல்பவை. ஒரே பெயரை ஒத்த விளக்கத்தோடு 5 அல்லது அதற்கு மேற்பட்ட பேக்கேஜ்கள் தனித்தனியாக வைத்திருந்தால், இதைப் பொதுவாக்கலாமே என்று கேட்கும். பொதுவாக இருப்பதை 5-க்கும் குறைவான பேக்கேஜ்களே பயன்படுத்தினால், தனியாக்கலாமே என்று கேட்கும். இவை யோசனைகள்தான், கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிகேஜிசெக் கண்டுபிடிப்புகளைப் பிழை, எச்சரிக்கை, நடை, தகவல் என்று தரம் பிரிக்கிறது. எக்ஸிட் தெரிவைச் சும்மா கொடுத்தால் பிழை தரத்தில் இருப்பவை மட்டுமே ஸ்கேனைத் தோல்வியாக்கும். பெயரிடல் குறைகளில் பல அதற்குக் கீழே இருக்கின்றன. எனவே சிஐ (சர்வரில் தானாக ஓடும் சோதனை) பச்சை காட்டும். அடிக்கோடு போட்ட பெயர் உள்ளே போய்விடும். எக்ஸிட் தெரிவுக்கு நீங்கள் தடுக்க விரும்பும் குறைகளின் பெயர்களைச் சொல்லியே கொடுங்கள். கட்டளை வரியில் தினமும் அடிக்க வேண்டாம். மெட்டாடேட்டா அடைவில் பிகேஜிசெக்.கான்ஃப் என்ற கோப்பில் எழுதிவைத்தால் ரெப்போவை எடுக்கும் எல்லோருக்கும் அதே விதி பொருந்தும்.

கமிட் செய்ய கிட் கட்டளையை நேரடியாகப் பயன்படுத்தாமல் 'பிகேஜிடெவ் கமிட்', தள்ளுவதற்கு 'பிகேஜிடெவ் புஷ்' என்று பழகிக்கொள்ளுங்கள். புஷ் செய்யும் முன் அதுவே ஸ்கேன் செய்துவிடும். இருந்தாலும் ஒவ்வொருவரின் கணினியிலும் ஓடும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அவசரத்தில் யாராவது தாண்டிப் போவார்கள். சர்வர் பக்கம் சிஐயில் ஓடும் சோதனைதான் உண்மையான வாசல்.

படி 7: வீட்டு விதிகளுக்குச் சின்ன ஸ்கிரிப்ட்

'நோ' முன்னொட்டு, 'வித்', 'எனேபிள்' போன்ற வெற்று முன்னொட்டுகள், உங்கள் குழு தனக்கென வைத்துக்கொண்ட விதிகள் ஆகியவற்றை நீங்களேதான் சோதிக்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், சர்வீஸின் அளவீடுகளை வெளியே தரும் வசதிக்கு மூன்று பேக்கேஜில் மூன்று பெயர்கள்: 'மெட்ரிக்ஸ்', 'ப்ரொமிதியஸ்', 'எக்ஸ்போர்ட்டர்'. மூன்றுக்கும் விளக்கம் இருந்தது, மூன்றும் சட்டப்படி சரி, பிகேஜிசெக் வாய் திறக்கவில்லை. மேக்.கான்ஃபில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, டாஷ்போர்டில் இரண்டு சர்வீஸ் ஏன் காணவில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை முழுக்கத் தேடினோம். மூன்றில் ஒன்றுக்குப் பெயர் வைத்தது நான்தான் என்பதைக் கடைசியில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஸ்கிரிப்ட் எழுதும்போது எல்லோரும் செய்யும் முதல் தவறு, ஈபில்ட் கோப்புகளில் ஐயூஸ் வரியைத் தேடுவது. அது பாதிதான். ஈகிளாஸ்கள் (பல ஈபில்டுகள் பகிர்ந்துகொள்ளும் பொது நிரல்கள்) தம் பங்குக்குப் பெயர்களைச் சேர்க்கும். சில ஈபில்டுகள் லூப் போட்டுச் சேர்க்கும். ஈபில்ட் என்பது பாஷ் நிரல். அதை இயக்காமல் விடை தெரியாது. ஆனால் நீங்கள் இயக்க வேண்டியதில்லை. 'ஈஜென்கேஷ்' கட்டளையை உங்கள் ரெப்போவின் பெயரோடு ஓட்டினால், மெட்டாடேட்டா அடைவில் எம்டி5-கேஷ் என்ற துணை அடைவு உருவாகும். ஒவ்வோர் ஈபில்டுக்கும் ஒரு கோப்பு, அதில் எல்லாம் கூட்டிக் கழித்த ஐயூஸ் ஒரே வரியில். அதைப் படியுங்கள்.

ஸ்கிரிப்டின் போக்கு இப்படி. ஐயூஸ் வரியை இடைவெளியில் வெட்டுங்கள். ஒவ்வொரு பெயரின் முன்னால் கூட்டலோ கழித்தலோ இருந்தால் நீக்குங்கள்; அவை இயல்பு மதிப்பைக் குறிப்பவை, பெயரின் பகுதி அல்ல. யூஸ்_எக்ஸ்பேண்ட் குடும்பங்களைச் சேர்ந்தவற்றை ஒதுக்குங்கள். மீதியை யூஸ்.டெஸ்க் பெயர்களோடும் உங்கள் தடைப்பட்டியலோடும் ஒப்பிடுங்கள்.

தடைப்பட்டியல் என்பது 'இந்தப் பெயர் வேண்டாம், பதிலாக இது' என்று இரண்டு பத்தி கொண்ட எளிய உரைக் கோப்பு. 'அவாஹி' வேண்டாம், 'ஜீரோகான்ஃப்' போடு. 'ப்ரொமிதியஸ்' வேண்டாம், 'மெட்ரிக்ஸ்' போடு. பிழைச் செய்தியிலேயே சரியான பெயரைச் சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். 'பெயர் தவறு' என்று மட்டும் சொன்னால் வருவார்கள்.

'நோ' முன்னொட்டைச் சோதிப்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. 'நோ' என்று தொடங்கும் எல்லாவற்றையும் தடுத்தால், 'நோட்ஜேஎஸ்' மாட்டிக்கொள்ளும். அஞ்சல் தேடல் கருவியான 'நாட்மச்'சும் மாட்டிக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் இரண்டும் அதே இரண்டு எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஆகவே முதல் இரண்டு எழுத்தை வெட்டிவிட்டு, மீதிப் பகுதி ஏற்கெனவே தெரிந்த ஃப்ளாக்கா என்று பாருங்கள். 'நோஎஸ்எஸ்எல்' வெட்டினால் 'எஸ்எஸ்எல்' கிடைக்கும். தெரிந்த பெயர், எனவே குற்றவாளி. 'நோட்ஜேஎஸ்' வெட்டினால் அர்த்தமில்லாத துண்டு கிடைக்கும், விட்டுவிடலாம். 'நோ'வுக்குப் பின் சிறுகோடு வந்தால் மட்டும் யோசிக்காமல் தடுக்கலாம். 'வித்', 'எனேபிள்', 'டிசேபிள்' ஆகியவற்றுக்கும் இதே உத்தி வேலை செய்யும்.

விதிவிலக்குக் கோப்பும் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் பேக்கேஜ், ஃப்ளாக், காரணம், சேர்த்த தேதி. காரணம் இல்லாத வரியை ஸ்கிரிப்டே நிராகரிக்கட்டும்.

படி 8: பழைய பாவங்களை என்ன செய்வது?

முதல் நாள் ஸ்கேன் செய்ததும் நூறு குறைகள் வந்து விழும். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகுதான் சோதனையை இயக்குவேன் என்று உட்கார்ந்தால், அந்த நாள் வரவே வராது. பிகேஜிசெக்கில் கமிட்ஸ் என்ற தெரிவு உண்டு. இன்னும் தள்ளப்படாத கமிட்டுகள் தொட்ட பேக்கேஜ்களை மட்டும் பார்க்கும். அதில் தொடங்குங்கள். உங்கள் ஸ்கிரிப்டுக்கும் இன்றைய குறைகளை ஒரு கோப்பில் பதிந்துவைத்து, அதில் இல்லாத புதியவற்றை மட்டும் தடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கோப்பு சிறுத்துக்கொண்டே போகலாம், பெருக்கக் கூடாது. வேறு வேலைக்காக ஒரு பேக்கேஜைத் தொடுபவர் கையோடு அதன் பெயர்களையும் திருத்தட்டும்.

படி 9: பெயர் மாற்றம் என்னும் அறுவைச் சிகிச்சை

பேக்கேஜின் பெயரை மாற்றினால் போர்ட்டேஜ் பார்த்துக்கொள்ளும். புரொஃபைல்ஸ் அடைவின் அப்டேட்ஸ் கோப்புகளில் 'மூவ்' என்று ஒரு வரி எழுதினால் போதும். பயனரின் அமைப்புக் கோப்புகள்வரை திருந்திவிடும். ஃப்ளாக்கின் பெயரை மாற்ற அப்படி ஒரு வழி இல்லை. மாற்றுப்பெயர் வைக்கவும் முடியாது. பழைய பெயரைப் பேக்கேஜ்.யூஸில் எழுதியிருந்தவரின் வரி அங்கேயே கிடக்கும், வேலை மட்டும் செய்யாது.

சார்புகளில் நிலைமை வேறு, அங்கே சத்தம் வரும். வேறொரு பேக்கேஜ் உங்கள் பேக்கேஜைச் சதுர அடைப்புக்குறிக்குள் பழைய ஃப்ளாக்கோடு கேட்டிருந்தால், அந்த ஃப்ளாக் ஐயூஸில் இல்லாமல் போனதும் சார்பைத் தீர்க்க முடியாமல் போர்ட்டேஜ் நின்றுவிடும். ஈஏபிஐ 4-இலிருந்து, 'ஃப்ளாக் இல்லையென்றால் அணைந்ததாக எடுத்துக்கொள்' அல்லது 'இயங்குவதாக எடுத்துக்கொள்' என்று வட்ட அடைப்புக்குறிக்குள் கழித்தல் அல்லது கூட்டல் போட்டுச் சொல்லலாம். பெயர் மாற்றத்தின் இடைக்காலத்தில் இது கை கொடுக்கும்.

நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். பழைய பெயரைக் கேட்கும் எல்லாப் பேக்கேஜையும் முதலில் கண்டுபிடித்து, அவற்றின் சார்பு வரிகளைத் திருத்துவேன். பிறகு பெயர் மாற்றத்தை நடப்பு ஈபில்டில் செய்யாமல், புதிய பதிப்போ புதிய திருத்த எண்ணோ வரும்போது அதில் மட்டும் செய்வேன். பழைய ஈபில்ட் பழைய பெயரோடு கொஞ்ச காலம் இருக்கட்டும். ஐயூஸ் மாறினால், நியூயூஸ் தெரிவோடு புதுப்பிக்கும் பயனர்களுக்கு மறு கம்பைல் வரும். சேஞ்ச்ட்-யூஸ் வைத்திருப்பவர்கள் இயக்கத்தில் உள்ள ஃப்ளாக் மாறினால்தான் பாதிக்கப்படுவார்கள். ஆகவே ஒரு பெரிய பேக்கேஜில் பெயரை மட்டும் மாற்றி ஒரு திருத்த எண் வெளியிடுவது பயனரின் மின்சாரத்தை எரிப்பதாகும். அடுத்த பதிப்புக்குக் காத்திருங்கள். மாற்றம் பலரைத் தொடுமென்றால் ஒரு நியூஸ் உருப்படி எழுதுங்கள். புதுப்பிக்கும்போது போர்ட்டேஜே அதைப் பயனருக்கு நினைவூட்டும்.

ஜென்டூவே இதைப் பெரிய அளவில் செய்த இரண்டு சந்தர்ப்பங்களைப் பார்த்தால் முறை புரியும். முன்பு எம்எம்எக்ஸ், எஸ்எஸ்இ போன்ற செயலி வசதிகளெல்லாம் சாதாரணப் பொது ஃப்ளாக்குகளாக இருந்தன. 2015 ஜனவரியில் அவற்றை சிபியு_ஃப்ளாக்ஸ்_எக்ஸ்86 என்ற தனிக் குடும்பத்துக்கு மாற்றினார்கள். நியூஸ் உருப்படியோடு, பயனர் என்ன எழுத வேண்டும் என்று அவருடைய செயலியைப் பார்த்தே சொல்லும் கருவியையும் கொடுத்தார்கள். இன்று அது சிபியுஐடி2சிபியுஃப்ளாக்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. அடுத்தது 2016 ஜூனில் வந்த எல்10என். அதற்கு முன் மொழித் தேர்வுக்கு லிங்குவாஸ் என்ற மாறி இருந்தது. சிக்கல் என்னவென்றால், கெட்டெக்ஸ்டைப் பயன்படுத்தும் பில்ட் அமைப்புகளும் அதே பெயருள்ள சூழல் மாறியைத் தாங்களாகவே படிக்கும். ஒரே பெயருக்கு இரண்டு எஜமானர்கள். பேக்கேஜ் மேனேஜர் ஒன்றை நினைத்து வைத்தால் கெட்டெக்ஸ்ட் வேறொன்றாகப் புரிந்துகொள்ளும். புதுப் பெயர் வைத்ததோடு மதிப்புகளின் வடிவத்தையும் ஐஇடிஎஃப் மொழிக் குறியீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். அடிக்கோடு இருந்த இடத்தில் சிறுகோடு வந்தது.

இரண்டு முறையும் பழைய பெயரையும் புதுப் பெயரையும் சில காலம் சேர்த்தே எழுதி வைத்திருங்கள் என்றுதான் பயனர்களிடம் சொன்னார்கள். உங்கள் ஓவர்லேயிலும் அப்படியே சொல்லுங்கள்: பேக்கேஜ்.யூஸில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை, தெரியாத பெயரைத்தான் போர்ட்டேஜ் கண்டுகொள்ளாதே. பழைய பெயர் கொண்ட கடைசி ஈபில்ட் மரத்திலிருந்து போன அன்று அதைத் தடைப்பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய ஈபில்டை நகலெடுத்துப் புதுப் பேக்கேஜ் எழுதும் யாராவது அதை மறுபடி உள்ளே கொண்டுவந்துவிடுவார்.